சோப்புக் காரத்தில் பிழைத்த சிலிண்டர்

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்,

போன வாரம் போளூர்க் கடைப் பக்கம் வந்தேன். வேலை ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற மெக்கானிக்குக் காலையில் கால்கள் தாமாகவே பழைய இடத்துக்குக் கிளம்பிவிடுகின்றன, அவ்வளவுதான். உள்ளே நுழைந்தால் உங்களில் ஒருவர் (பெயர் சொல்ல மாட்டேன், மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருக்கிறது) ஒரு பழைய பைக் சிலிண்டரை வைஸில் மாட்டி, கையில் கிரைண்டரும் எதிரே செல்போன் வீடியோவுமாக அதன் போர்ட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார். வீடியோவில் பேசியவர் ஏதோ குளிர் நாட்டுக்காரர். அவருக்குப் பின்னால் தெரிந்த சாலை கேரம் போர்டு மாதிரி சமமாக இருந்தது. நம் தம்பி செய்துகொண்டிருந்த வண்டியோ ஜமுனாமரத்தூர் மலைக்கு மூட்டை ஏற்றும் வண்டி.

நான் வாயைத் திறக்கவில்லை. ஓய்வு பெற்றவன் கடையில் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் அடுத்த முறை டீ வராது. அதனால் எழுதுகிறேன். படித்துக்கொண்டே டீ குடியுங்கள்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் வால்வு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். சிலிண்டர் சுவரிலேயே வாசல்கள். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதுவே கதவாகி அந்த வாசல்களைத் திறந்து மூடுகிறது. அந்த வாசல்தான் போர்ட். புகை போகிற வாசலின் மேல் விளிம்பைக் கொஞ்சம் உயர்த்தி ராவிவிட்டால் இன்ஜினின் குணமே மாறிவிடும். வேகமாகச் சுற்றும்போது புலி. மெதுவாகச் சுற்றும்போது, மாப்பிள்ளை வீட்டில் முதல் நாள் சாப்பிட உட்கார்ந்த மாதிரி, எதற்கும் கை வராது. எடுத்த உலோகத்தை மறுபடி ஒட்ட வைக்கவும் முடியாது. இந்த விஷயத்தை எனக்கு முழுசாக விளங்க வைத்தவன் என் பங்காளி ஏகாம்பரம். ரத்த உறவு இல்லை, கடையில் பங்காளி. அவன் இதை விளக்க நினைத்து விளக்கவில்லை என்பதுதான் இதில் அழகு.

ஏகாம்பரத்துக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இன்ஜின் செய்கிற கம்பெனிக்காரர்கள் பாதி சக்தியை வேண்டுமென்றே வார்ப்புக்குள் ஒளித்து வைத்துவிட்டார்கள், அதை விடுதலை செய்யத்தான் தான் பிறந்திருக்கிறோம் என்று. எந்த சிலிண்டரைக் கண்டாலும் ஆள்காட்டி விரலைப் போர்ட்டுக்குள் விட்டுத் தடவிப் பார்த்து, "பாவம்ணா, மூச்சு வுட முடியாம கீது" என்பான். அவன் மனைவி தன் மிக்ஸியை அவன் கண்ணில் படாத உயரத்தில் வைத்திருந்தார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவன் கை மாதிரி ஒரு கையை நான் பார்த்ததில்லை. அரம் பிடித்தால் அரம் இருப்பதே தெரியாது. கைக்குக் குறையில்லை, எங்கே நிறுத்துவது என்பதில்தான் தகராறு.

ஒரு தடவை மலையிலிருந்து ஒரு விவசாயி மொபெட் கொண்டுவந்தார். சாமை மூட்டை ஏற்றுகிற வண்டி. "கொஞ்சம் இழுவை கம்மியா இருக்குதுங்க" என்றார். நான் திருவண்ணாமலைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். நான் திரும்பி வருவதற்குள் ஏகாம்பரம் போர்ட்டை உயர்த்திவிட்டான். போளூர் பைபாஸில் ஓட்டிக் காட்டினான். வண்டி அம்பு மாதிரி போனது. விவசாயிக்கு வாயெல்லாம் பல். அடுத்த வாரம் அவர் வரவில்லை, அவர் மனைவி வந்தார். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"நல்லா செஞ்சிருக்கீங்க" என்றார். "முன்னெல்லாம் வண்டி எங்கள வுட்டுட்டு மேல போய்டும். இப்போ மூட்டைய வச்சா மரியாதையா எங்க பின்னாலயே வருது. எங்க வூட்டுக்காரரு தள்ளிக்கினு வர்றாரு. நான் முன்னால போயி அடுப்பு பத்த வைக்கிறேன்."

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டு வேறு சிலிண்டர் போட்டுக் கொடுத்தான். மேட்டில் பாரம் இழுக்கிற வண்டிக்கு மெதுவான சுற்றில்தான் பலம் வேண்டும், வேகத்தில் வருகிற பலம் அதற்கு ஆகாது என்று அன்று அவனிடம் சொன்னேன். தலையாட்டினான். ஏகாம்பரம் தலையாட்டினால் ஒப்புக்கொண்டான் என்று அர்த்தமில்லை. கழுத்துக்குப் பயிற்சி கொடுக்கிறான் என்று அர்த்தம்.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

மலையில் காட்டுத் தீக்காலம் என்பது மாசி பிறந்ததிலிருந்து கோடை மழை விழும் வரை. காட்டுக்காரர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு இலை ஊதுகிற ப்ளோயர் வைத்திருப்பார்கள். தீ வருகிற பாதைக்குக் குறுக்கே காய்ந்த சருகையெல்லாம் ஊதித் தள்ளி, வெறும் மண் தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டால், எரிய ஒன்றும் இல்லாமல் தீ அங்கேயே படுத்துவிடும். அந்த ப்ளோயரும், நம் ஊர் மாந்தோப்புக்காரர்கள் மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயரும் உள்ளே ஒரே இன்ஜின். அதனால் அவர்கள் மிஷினும் நம்மிடம்தான் வரும்.

ஒரு நாள் காலை, செல்வி என்கிற காட்டுக் காவலர் போன் செய்தார். சின்ன வயசு, அமிர்திப் பக்கத்துப் பெண். சாதாரணமாகக் கலகலவென்று பேசுபவர். அன்று சுருக்கமாகப் பேசினார்.

"அண்ணா, திருப்பத்தூர் பக்கத்துச் சரிவுல தீ ஏறிடுச்சு. ஒரு ப்ளோயர் அங்க ஓடிக்கினு இருக்குது. எங்கிட்ட இருக்கிறது ஜாம் ஆயிடுச்சு. கயிறு இழுத்தா வரமாட்டேங்குது. கீழ கொண்டாந்து குடுக்க நேரமில்ல. நீங்க மேல வர முடியுமா?"

கடையில் அந்த இன்ஜினுக்குப் புது பிஸ்டன்கள் இருந்தன. புது சிலிண்டர் இல்லை. சப்ளையர் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஏகாம்பரம் மெதுவாகத் தொண்டையைச் செருமினான். மேஜைக்கு அடியிலிருந்து துணி சுற்றிய ஒரு பொருளை எடுத்தான். அதே இன்ஜின் சிலிண்டர், போர்ட் செய்தது. சும்மா இருந்த நேரத்தில், யாரும் கேட்காமல், கலைக்காகச் செய்து வைத்திருக்கிறான்.

"இத மாட்டுனா மலையே பறக்கும்ணா."

"மலை பறக்க வேணாம்டா. சருகு பறந்தா போதும்" என்றேன். வேறு வழியில்லாததால் அதையும் பையில் போட்டுக்கொண்டு இருவரும் பைக்கில் கிளம்பினோம்.

ஜமுனாமரத்தூர் தாண்டி உள்ளே போகிற சின்ன மலைக் கிராமம் அது. ஓலைக் கூரையும் ஷீட்டுக் கூரையும் கலந்த வீடுகள், வீடுகளைச் சுற்றிப் பெரிய பெரிய புளிய மரங்கள். புளி உலுக்குகிற காலம். வாசலுக்கு வாசல் புளி குவிந்து கிடந்தது. ஊருக்கு மேலே ஒரு முகட்டுப் பாதை. அதற்கு அந்தப் பக்கச் சரிவில்தான் புகை எழும்பிக்கொண்டிருந்தது. ஆண்கள் பாதிப் பேர் தழைக் கொப்புகளோடு தீயை அடிக்கப் போயிருந்தார்கள். மீதிப் பேரும் பெண்களும் முகட்டுப் பாதையில் விளக்குமாறு வைத்துச் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பாதை நீளம். கூட்டக் கூட்ட மரம் மேலும் கொட்டிக்கொண்டிருந்தது.

செல்வி எங்களைப் பார்த்ததும் ப்ளோயரைக் கீழே இறக்கி வைத்தார். முகமெல்லாம் கரி.

"மத்தியானத்துக்கு மேல இங்க காத்து திரும்பும்ணா. எப்பவும் அப்படித்தான். திரும்பிச்சுன்னா தீ இந்தப் பக்கம் எறங்கிடும். அதுக்குள்ள மேல கோடு போட்டாவணும். வாய்க்கால் மாதிரி சுத்தமா."

மிஷினைப் பிரித்தோம். என்ன நடந்தது என்பது பார்த்த உடனே தெரிந்தது. அவசரத்தில் யாரோ தன் பைக்கிலிருந்து பெட்ரோலை எடுத்து ஊற்றியிருக்கிறார். பைக் ஃபோர் ஸ்ட்ரோக். அந்தப் பெட்ரோலில் ஆயில் கிடையாது. டூ ஸ்ட்ரோக்குக்குப் பெட்ரோலோடு கலந்து வருகிற ஆயில்தான் உள்ளே வழுவழுப்பு. அது இல்லாமல் பிஸ்டன் சூடேறி, சிலிண்டர் சுவரிலேயே தேய்ந்து அப்பிக்கொண்டது. புகை போகிற வாசல் பக்கம் சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் கோடு கோடாக, பூனை பிராண்டிய கதவு மாதிரி இருந்தது.

"இது போச்சு" என்றான் ஏகாம்பரம். வருத்தமாகச் சொல்ல முயன்றான், முகம் ஒத்துழைக்கவில்லை. அவனுடைய நாள் வந்துவிட்டது.

அவன் சிலிண்டரையும் புது பிஸ்டனையும் மாட்டினோம். ஆயில் கலந்த பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தான். மிஷின் பிடித்தது. சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். புளிய மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமும் எழுந்து போயின. ஊர் நாய் ஒன்று வீட்டுக்குள் ஓடியது. ஏகாம்பரம் குழாயை ஒரு சருகுக் குவியலை நோக்கிப் பெருமையாக நீட்டினான்.

மேலே கிடந்த தேக்கிலை ஒன்று பாதி புரண்டது. பிறகு மறுபடி படுத்துக்கொண்டது.

எங்களுக்குப் பக்கத்தில், புளிக் குவியலுக்கு நடுவில் ஒரு பெண் நின்றிருந்தார். பெயர் மல்லிகா. அந்த ஊர் மகளிர் குழுவுக்குத் தலைவி. முகட்டில் கூட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துப் போக வந்தவர். அவர் இலையைப் பார்த்தார், மிஷினைப் பார்த்தார்.

"இன்னாங்க இது, கத்துற கத்துல தீயே பயந்து ஓடணும்னு செஞ்சீங்களா?"

காரணம் எனக்குப் புரிந்துவிட்டது. ப்ளோயரில் விசிறி எப்போதும் இன்ஜினோடு சேர்ந்தே இருக்கும். சுற்று ஏற ஏற விசிறியின் பாரமும் ஏறும். ஏகாம்பரத்தின் சிலிண்டருக்குப் பலம் மேலே உச்சத்தில்தான் இருந்தது. அந்த உச்சத்துக்கு ஏறுவதற்கு நடுவில் வேண்டிய பலத்தை அவன் ராவி எடுத்துவிட்டான். பரணில் பணியாரம் இருக்கிறது, ஏணியைத்தான் விறகாக எரித்துவிட்டான்.

"கார்பரேட்டர் செட்டிங்ணா. கொஞ்சம் திருப்புனா வந்துடும்" என்றான். திருப்பினான். வரவில்லை. பிளக்கை மாற்றினான். வரவில்லை. சைலன்சர் ஓட்டையைப் பார்க்கிறேன் என்றான். அவன் நெற்றியில் வியர்வை கண்ணுக்குள் இறங்குவதைக்கூடத் துடைக்கவில்லை. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் டீயைக் கீழே வையுங்கள். நம் தொழிலில் ஆளைச் சாய்ப்பது தெரியாத வேலை இல்லை. நாம் ஆசையாகச் செய்த வேலையைக் கைவிட மனசு வராமல் "இன்னும் கொஞ்சம்" என்று நிற்கிறோமே, அதுதான் சாய்க்கும். முகட்டில் புகை தடித்துக்கொண்டிருந்தது. செல்வியின் வாக்கி டாக்கியில் எதிர்ச் சரிவிலிருந்து யாரோ மூச்சிரைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரத்தின் தோளைத் தொட்டு, "போதும்டா, நிறுத்து" என்றேன். என்னை அவன் பார்த்த பார்வையில், நான் ஏதோ அவன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தச் சொன்ன மாதிரி இருந்தது. மிஷினை அணைத்தான். எழுந்து போய் ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

எனக்கும் அப்போது கையில் வேறு யோசனை ஒன்றும் இல்லை. நிறுத்தச் சொல்வது சுலபம். செல்வி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அந்தச் செத்த சிலிண்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணுக்கு அது செத்துத்தான் இருந்தது. ஆனால் நகத்தை வைத்து இழுத்தபோது நகம் பள்ளத்தில் விழவில்லை. மேட்டில் ஏறியது. ஒவ்வொரு கோட்டிலும் ஏறி இறங்கியது.

அந்த சிலிண்டர் அலுமினியம். உள் சுவரில் மட்டும் குரோம் பூச்சு. பிஸ்டனும் அலுமினியம், சுவரை விட மெத்தென்றது. பள்ளம் இருந்தால் சுவர் கிழிந்திருக்கிறது என்று அர்த்தம். மேடு இருந்தால், பிஸ்டன் உருகிச் சுவர் மேல் அப்பியிருக்கிறது. அடியில் பூச்சு உயிரோடு இருக்கலாம். இருக்காமலும் போகலாம். அப்பியதை எடுத்தால்தான் தெரியும்.

ஊரில் கழிவறை கழுவும் ஆசிட் கிடைக்கும். ஆனால் ஆசிட் அலுமினியத்தைத் தின்றுவிட்டுக் குரோமையும் ருசி பார்க்கும். எமரி காகிதம் வைத்துத் தேய்த்தால் அதற்குள் காற்று திரும்பிவிடும், தேய்க்கிற அவசரத்தில் சுவரும் போகும். காஸ்டிக் சோடா இருந்தால் அலுமினியத்தை மட்டும் கரைக்கும், குரோமைத் தொடாது. எங்கள் காஸ்டிக் டப்பா போளூரில் பத்திரமாக இருந்தது.

"காஸ்டிக் இருந்தா பாத்துடலாம். இந்த மலை மேல காஸ்டிக்குக்கு எங்க போறது" என்று என்னை அறியாமல் வாய்விட்டுச் சொன்னேன்.

"எவ்ளோ வேணும்?" என்றார் மல்லிகா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நாங்க சோப்பு போடுறோம்ங்க, புங்க எண்ணெயில. குழுவுல. காஸ்டிக் இல்லாம சோப்பு எப்படி வரும்? வூட்ல ஒரு டப்பா இருக்குது."

நான் அவரைக் கும்பிடாத குறை. டப்பாவைக் கேட்டுக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. கனமான கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டுதான் வீட்டிலிருந்து வந்தார். ஏகாம்பரம் கோபத்தை மறந்து உதவிக்கு எழுந்து வந்து, யாருடைய வாசலிலோ இருந்த அலுமினியக் குண்டான் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"அய்யே, அதுல கலக்கினா பாத்திரமே பொங்கிப் போவும். பிளாஸ்டிக் பக்கெட்ட எடுணா. நீங்க ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க. எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க, நான் வைக்கிறேன். கை வெந்துச்சுன்னா அப்புறம் மிஷினு யாரு மாட்டுவாங்க?"

நியாயமான கேள்வி. தள்ளி நின்றோம். சிலிண்டரின் போர்ட் வாசல்களுக்குள் பூச்சு கிடையாது, வெறும் அலுமினியம். அதில் காஸ்டிக் காரம் இறங்காமல் இருக்க கிரீஸ் அப்பித் துணி அடைத்துக் கொடுத்தேன். மல்லிகா தண்ணீரில் காரத்தை மெதுவாகத் தூவிக் கலக்கினார். குச்சி முனையில் துணி கட்டித் தொட்டு, நான் காட்டிய கோட்டின் மேல் மட்டும் வைத்தார். சர்ரென்று நுரைத்தது. கறுப்பாக வழிந்தது.

"நுரை நின்னுச்சுன்னா அடியில சுவர் இருக்குதுன்னு அர்த்தம்" என்று செல்வியிடம் சொன்னேன். "நிக்காம வந்துக்கினே இருந்தா பூச்சு போயிடுச்சு, சிலிண்டரே கரையுதுன்னு அர்த்தம்."

"அப்போ நாம இன்னா பண்ணணும்?"

"பாத்துக்கினு இருக்கணும்."

சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிற வேலைதான் இருப்பதிலேயே கஷ்டமானது. முதல் கோட்டில் நுரை அடங்கியது. மல்லிகா தண்ணீர் ஊற்றிக் கழுவினார். அடியில் பளபளவென்று சுவர், கண்ணாடி மாதிரி. ஏகாம்பரம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த கோடு, அதற்கடுத்தது. எல்லாம் அடங்கின. கடைசியில் புகை வாசலின் கீழ் ஓரத்தில் ஒரு இடத்தில் மட்டும் நுரை நிற்கவில்லை. சின்னச் சின்னக் குமிழிகளாக, விடாமல் வந்துகொண்டிருந்தது.

"கழுவிடுங்க" என்றேன். மல்லிகா நிறையத் தண்ணீர் ஊற்றினார். பிறகு, கேட்காமலேயே, ஒரு சொம்பில் கரைத்து வைத்திருந்த புளித் தண்ணீரை ஊற்றினார். காரம் மிச்சமிருந்தால் புளி அடக்கும் என்றார். அந்த ஊரில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் புளிக்கு வராது. துடைத்துவிட்டுப் பார்த்தேன். எள்ளளவு ஒரு புள்ளி. அந்த இடத்தில் பூச்சு போயிருந்தது.

இப்போது முடிவு என் தலையில். கடையாக இருந்தால் அந்த சிலிண்டரை ஒதுக்கி வைப்பேன், யோசிக்கவே மாட்டேன். ஆனால் கடையில் இருந்தால் வாசலில் புகை வராது. எனக்கு நானே கேட்டுக்கொண்ட கேள்வி, "இது நல்ல சிலிண்டரா?" என்பதில்லை. "இது இன்றைக்கு எதற்கு வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும், நடுவில் நின்றால் யார் தலையில் விழும்?" என்பதுதான். புள்ளி இருந்த இடத்தைப் பார்த்தேன். வாசலின் கீழ் ஓரம், வெடிப்பின் அழுத்தம் எட்டாத இடம். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கின் இரண்டு முனைகளும் சேருகிற இடம் அந்தப் பக்கமே வராது. செல்வியிடம் அப்படியே சொன்னேன்.

"மேடம், இது இன்னைக்கு ஓடும்னு நெனைக்கிறேன். நாளைக்கு ஓடுமான்னு என்னை கேக்காதீங்க. நடுவுல சத்தம் மாறிச்சுன்னா மிஷின அங்கயே போட்டுட்டு கீழ வந்துடணும். அதுக்கு ஒத்துக்கினா மாட்டித் தர்றேன்."

அவர் முகட்டைப் பார்த்தார். "மாட்டுங்கணா."

ஆனால் இன்னொரு சிக்கல். அப்பியதும் கரைந்ததுமாக, புகை வாசலின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாகியிருந்தது. ரிங் அதைத் தாண்டும்போது மாட்டினால் உடைந்துவிடும். அந்த முனையை மட்டும் மழுக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக எடுத்தால் பூச்சு உரியும். கரண்ட் இல்லை, கிரைண்டர் இல்லை. ஒரு சாணைக்கல் குச்சி மட்டும் பையில் இருந்தது. அந்த வேலைக்கு என் கை போதாது. நான் சிலிண்டரை ஏகாம்பரத்திடம் நீட்டினேன்.

அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "நான் வேணாம்ணா. என் கை வச்சா இன்னா ஆவும்னு இப்பத்தானே பாத்தே."

"ஒன் கைய பத்தி எனக்குத் தெரியும். ஒன் ஆசையத்தான் நிறுத்தச் சொன்னேன். வாசல பெருசாக்காதே. முனைய மட்டும் மழுக்கு."

அவன் சிலிண்டரை மடியில் வைத்து, சூரியனுக்கு நேராகச் சாய்த்து, கல்லை ஆயிலில் தோய்த்து, விளிம்பில் வைத்தான். தேய்ப்பது கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு இழுப்பு, ஒரு தடவல். ஒரு இழுப்பு, ஒரு தடவல். நிறைய எடுக்கத் தவிக்கிற மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் எடுக்காமல் வேலை செய்வதை அன்றுதான் பார்த்தேன். மல்லிகாகூட வாயை மூடிக்கொண்டு நின்றார். அது அவருக்கு வழக்கமில்லை என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

மாட்டினோம். கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பில் ஒன்றுமில்லை. அடுத்ததில் பிடித்தது. சத்தம் பெரிசாக இல்லை, சாதாரண மிஷின் சத்தம். செல்வி ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். குழாய் எதிரே இருந்த சருகுக் குவியல் இருந்த இடத்தில் இல்லை. அதற்குப் பின்னால் இருந்த ஒரு முறமும், மல்லிகாவின் புளிக் குவியலின் ஓரமும் கூடப் போய்விட்டன.

"தீய அணைக்கச் சொன்னா எங்க புளிய அணைக்கிறீங்களே!" என்று மல்லிகா கத்தினார். சிரித்துக்கொண்டேதான் கத்தினார். செல்வி மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு முகட்டுக்கு ஏறினார். மல்லிகா பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இனிமேல் தன்னைக் கேட்காமல் யாரும் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது என்று ஊருக்கே அறிவித்தார்.

கீழே நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பாதை ஓரமாக ஒரு முனையிலிருந்து சத்தம் நகர்ந்துகொண்டே போனது. காற்று திரும்பத் தொடங்கிவிட்டது. புகை எங்கள் முகத்துக்கு வந்தது. அப்போது சத்தம் நின்றது.

நான் அசையக்கூட இல்லை. ஏகாம்பரம் ஓட ஆரம்பித்துவிட்டான். நல்ல பாரமான உடம்பு. கடை வாசல் படி ஏறவே யோசிப்பவன். அந்தச் சரிவில் கையும் காலுமாக ஏறினான். பின்னாலேயே நானும் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். மேலே போய்ப் பார்த்தால் செல்வி மிஷினை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"பெட்ரோல் தீந்துடுச்சுணா" என்றார். "நீங்க எதுக்கு இப்படி ஓடி வர்றீங்க?"

ஏகாம்பரம் அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டான். கேனை வாங்கி வர நான் இறங்கினேன். அதற்குப் பிறகு அவன் கீழே வரவில்லை. செல்வி ஊதிக்கொண்டு முன்னால் போக, கேனைச் சுமந்துகொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து இன்ஜினைக் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தான். சத்தத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லி, ஆற விட்டு, மறுபடி ஓட்டச் சொன்னான். கோடு அந்தப் பக்கப் பாறையைத் தொட்டபோது தீ சரிவின் உச்சிக்கு வந்துவிட்டிருந்தது. வந்து, மண்ணைப் பார்த்து, அங்கேயே இங்கும் அங்கும் அலைந்து, படுத்தது. தாண்டி விழுந்த சில பொறிகளைப் பெண்கள் தழையால் அடித்தார்கள். அந்தப் பக்கம் சில புளிய மரங்கள் போயின. வீடுகள் ஒன்றும் போகவில்லை.

அந்த சிலிண்டர் அந்தக் கோடை முடியுமுன்னே உயிரை விட்டது. எள்ளளவு புள்ளி துவரையாகி, பிறகு கொட்டைப்பாக்காகிவிட்டது. அதற்குள் புதுசு வந்திருந்ததால் மாட்டிக் கொடுத்தோம். செத்ததை மறுபடி எழுப்ப நான் முயலவில்லை. எழுப்பக்கூடிய நாள் எது, கூடாத நாள் எது என்று பிரித்துப் பார்ப்பதும் நம் வேலைதான்.

அன்று சாயங்காலம் மல்லிகா ஆளுக்கொரு சோப்புக் கட்டி கொடுத்துத்தான் அனுப்பினார். "மூஞ்சிய கழுவிக்கினு போங்க, உங்க வூட்ல அடையாளம் தெரியாது" என்றார். பைக்கில் இறங்கி வரும்போது ஏகாம்பரம் பின்னால் உட்கார்ந்திருந்தான். வளைவுக்கு வளைவு ஏதாவது பேசுகிறவன், பேசவே இல்லை. போர்ட் செய்த சிலிண்டர் மடியில் இருந்தது. அதைப் பற்றி வருத்தப்படுகிறான் என்று நினைத்து, நானும் சும்மா ஓட்டினேன்.

கடைசி வளைவு தாண்டி, சமவெளி தெரிந்த இடத்தில், என் காதுக்குப் பக்கத்தில் வந்து கேட்டான்.

"ணா. அந்த வாசல்ல நான் எவ்ளோ எடுத்தேன் தெரியுமா?"

"எவ்ளோடா?"

"ஒண்ணுமே எடுக்கலணா" என்றான் ஏகாம்பரம். எத்தனையோ வருஷமாக எத்தனையோ சிலிண்டர்களை அவன் குடைந்து எடுத்திருக்கிறான். எதைப் பற்றியும் இவ்வளவு பெருமையாக அவன் பேசி நான் கேட்டதில்லை. "ஒண்ணுமே எடுக்கல."